கரும்பலகையில் தொண்ணூறு பெயர்கள்

1936ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி, பிலடெல்பியா நகரத்தின் ரிட்ஸ்-கார்ல்ட்டன் விடுதியில் ஒன்பது கால்பந்து அணிகளின் முதலாளிகள் கூடினார்கள். அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் கல்லூரிப் படிப்பை முடிக்கவிருந்த தொண்ணூறு இளைஞர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. முதலாளிகள் ஒருவர் பின் ஒருவராக ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்ட இளைஞன் அந்த அணிக்கு மட்டுமே ஆடலாம், வேறு எவரும் அவனோடு பேரம் பேசக்கூடாது. அந்த இளைஞர்களில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. அவர்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.

முதல் பெயரைச் சொல்லும் உரிமை முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு. அதன் முதலாளி பெர்ட் பெல் சொன்ன பெயர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழக மாணவர். பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பெயர் பெற்ற, நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான பரிசை 1935இல் முதன்முதலாக வாங்கியவர். பெர்வாங்கர் கேட்ட ஊதியத்தைப் பெல்லால் கொடுக்க இயலவில்லை. உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கைமாற்றினார். பேர்ஸ் முதலாளி ஜார்ஜ் ஹாலஸாலும் அதைக் கொடுக்க முடியவில்லை, அல்லது மனம் வரவில்லை. பெர்வாங்கர் நுரை ரப்பர் விற்கும் வேலைக்குப் போனார். தொழில்முறைக் கால்பந்து ஒரு நாள்கூட ஆடவில்லை. அவருடைய கோப்பையை அவர் அத்தை வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினார் என்பது அமெரிக்க விளையாட்டு ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் கதை.

டிராஃப்ட் என்ற நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது. இங்கே கால்பந்து என்று நான் சொல்வது அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைக்கும் ஆட்டத்தை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் அணிந்து, கஜம் கஜமாக நிலம் பிடிக்கும் ஆட்டம். அதன் நுணுக்கங்கள் நமக்கு இப்போது வேண்டாம். குவார்ட்டர்பேக் என்ற ஒருவர் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறார், அவருக்குத்தான் பெருந்தொகை கொடுக்கப்படுகிறது என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்த வேண்டும். ஏலத்தில் ஒரு வீரனுக்குப் பல பேர் போட்டியிடுகிறார்கள். அவன் விலை ஏறுகிறது. டிராஃப்டில் ஒரு வீரனுக்கு ஒரே ஒரு வாங்குபவர்தான். விலையை ஏறவிடாமல் செய்வதற்காகவே ஏற்படுத்தப்பட்ட முறை அது.

பெர்ட் பெல் விசித்திரமான மனிதர். பிலடெல்பியாவின் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். 1933இல் நண்பரோடு சேர்ந்து 2,500 டாலருக்கு ஈகிள்ஸ் அணியை வாங்கினார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் அது தோற்றுக்கொண்டே இருந்த அணி. அதே 1933இலும் அடுத்த ஆண்டிலும் இறுதியாட்டம் சிகாகோ பேர்ஸுக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் இடையில்தான் நடந்தது. மக்கள் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள், அந்தப் பணத்தில் அவர்கள் நல்ல வீரர்களை வாங்கினார்கள், வென்றார்கள், மேலும் மக்கள் வந்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்து ஸ்டான் கோஸ்ட்காவுக்காக நடந்த பேரத்தில் பெல் தோற்று, ப்ரூக்ளின் அணி அவரைக் கொண்டுபோனது. இந்தத் தோல்வியின் கசப்பில்தான் 1935 மே மாதம் பிட்ஸ்பர்கில் கூடிய முதலாளிகள் கூட்டத்தில் பெல் தம் திட்டத்தை முன்வைத்தார்: கடைசியில் நிற்பவன் முதலில் எடுக்கட்டும்.

இத்திட்டத்தால் இழக்கப் போகிறவர்கள் ஹாலஸும் ஜயன்ட்ஸின் டிம் மாராவும். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தர்ம சிந்தனை என்று இதைப் புகழ்பவர்கள் உண்டு. எதிரி அணிகள் திவாலானால் யாரோடு ஆடுவது என்ற கணக்கும் அதில் இருந்தது. பேரம் ஒழிந்தால் தங்களுக்கும் ஊதியச் செலவு குறையும் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். பலவீனருக்கு உதவும் ஏற்பாடு, தொழிலாளியின் விலையை அமுக்கும் ஏற்பாடு என்ற இரண்டு முகங்களும் அதற்குப் பிறவியிலேயே இருந்தன. பின்னால் வந்த தொண்ணூறு ஆண்டுக் கதை இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படித் தின்று வளர்ந்தன என்பதுதான்.

அந்த முதல் டிராஃப்டில் நடந்தது என்ன? ஒன்பது சுற்றுகளில் 81 பேர் தெரிவு செய்யப்பட்டார்கள். ஈகிள்ஸ் எடுத்த ஒன்பது பேரில் ஒருவர்கூட ஈகிள்ஸுக்காக ஆடவில்லை. 1936 பருவத்தில் அந்த அணி ஓர் ஆட்டம் வென்று பதினோரு ஆட்டம் தோற்றது. அந்த 81 பேரில் நால்வர் பிற்காலத்தில் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். ஜோ ஸ்டைடஹாரும் டேன் ஃபோர்ட்மனும் பேர்ஸுக்குப் போனவர்கள். டஃபி லீமன்ஸ் ஜயன்ட்ஸுக்குப் போனவர். வேய்ன் மில்னர் ஒருவர்தான் இந்த இரண்டு பணக்கார அணிகளுக்கு வெளியே, பாஸ்டனுக்குப் போனார். ஃபோர்ட்மன் எடுக்கப்பட்டது கடைசிச் சுற்றில். ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து மருத்துவரானவர் அவர். பெயர் பிடித்திருந்ததால் ஹாலஸ் அவரை எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. லீமன்ஸைக் கண்டெடுத்தவர் டிம் மாராவின் மகன் வெல்லிங்டன். அப்போது இருபது வயதுகூட நிரம்பாதவர். ஊர் ஊராகச் செய்தித்தாள்களையும் பத்திரிகைகளையும் வரவழைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பற்றிக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். மற்ற முதலாளிகள் கரும்பலகையைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் தன் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரிசையைச் சமன் செய்த பெல், அறிவைச் சமன் செய்யவில்லை, செய்யவும் முடியாது. யார் நல்ல வீரன் என்று தெரியாதவனுக்கு முதல் இடம் கொடுத்து என்ன பயன்? 1939இல் ஹாலஸ் இன்னொரு வழியைக் காட்டினார். பிட்ஸ்பர்க் அணியிடமிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த இரண்டாவது தெரிவைக்கொண்டு சிட் லக்மன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார். அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் பேர்ஸ் வாஷிங்டனை 73-0 என்று வென்றது. ஏழைக்குக் கொடுத்த உரிமையை ஏழையிடமிருந்தே விலைக்கு வாங்கிவிடலாம். நில உச்சவரம்புச் சட்டங்களின் வரலாறு தெரிந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது.

போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி எடி கோட்டல் என்பவரை ஆண்டு முழுதும் ஊர் சுற்றி ஆள் தேடும் வேலைக்கென்றே அமர்த்தியது. கறுப்பின மாணவர்களுக்கான சிறு கல்லூரிகளை மற்றவர்கள் ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. லூயிசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரியிலிருந்து டேங்க் யங்கர் 1949இல் ராம்ஸுக்கு வந்தார்; டிராஃப்டில் யாரும் அவரைத் தெரிவு செய்திருக்கவில்லை. நிறவெறி மற்ற அணிகளின் கண்ணை மறைத்தது. மறைக்கப்பட்ட இடத்தில் பார்த்தவருக்குச் சரக்கு மலிவாகக் கிடைத்தது. இதை முற்போக்கு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது பாதி உண்மைதான்.

டாலஸ் கௌபாய்ஸின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், அதில் நமக்குப் பரிச்சயமான ஒரு முகம் இருக்கிறது என்பதாலும். 1960இல் தொடங்கப்பட்ட அணி அது. முதல் பருவத்தில் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. அதன் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம் முன்பு தொலைக்காட்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே கணிப்பொறியின் ஆற்றலைக் கண்டவர். கல்லூரி ஆட்டக்காரர்கள் பற்றி அணியிடம் குவியும் அறிக்கைகளைக் கணிப்பொறியிடம் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1962இல் ஐபிஎம்மின் துணை நிறுவனம் ஒன்று அவரிடம் அனுப்பி வைத்த புள்ளியியலாளர் இந்தியாவிலிருந்து சென்றவர். பெயர் சலாம் குரேஷி. அவருக்குக் கிரிக்கெட் தெரியும். அமெரிக்கக் கால்பந்து தெரியாது. ஷ்ராமுக்கு அந்த ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. இருவர் பேசிய ஆங்கிலமும் மற்றவருக்குப் புரியவில்லை என்று ஷ்ராம் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

குரேஷியின் அறியாமைதான் அந்த அணிக்குக் கிடைத்த பெரும் வரம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் தேடுபவர் ஒருவர் 'இவன் விரைவானவன்' என்று எழுதுகிறார். மற்றொருவரும் அதையே எழுதுகிறார். இருவரும் சொல்வது ஒன்றா? ஆட்டத்தில் ஊறியவர்கள் கேட்காத கேள்வி இது; ஊறியவர்களுக்கு எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். வெளியாள் கேட்டார். சொற்களை வரையறுத்தாலொழிய எண்ணாக்க முடியாது. எண்ணாக்கினாலொழிய ஒப்பிட முடியாது. பல மாத உழைப்புக்குப் பின் குணம், உடலைக் கட்டுப்படுத்தும் விரைவு, போட்டி மனப்பான்மை, மனக்கூர்மை, வெடித்தெழும் வலிமை என்று ஐந்து பண்புகளாக அதைச் சுருக்கினார்கள். உயரம், எடை, ஓட்ட நேரம் ஆகியவை தனி. அறுபதுகளின் நடுவிலிருந்து டாலஸ் அணி டிராஃப்ட் அறைக்குள் கணிப்பொறி அச்சிட்ட பட்டியலோடு நுழைந்தது.

கணிப்பொறி எல்லாவற்றையும் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆள் தேடும் துறையின் தலைவர் கில் பிராண்ட், மற்றவர்கள் காலக்கெடுவைக் காரணம் காட்டி ஒதுக்கியவர்களையும் எடுத்தார். 1964 டிராஃப்டின் பத்தாம் சுற்றில் அவர்கள் ராஜர் ஸ்டாபாக்கின் பெயரைச் சொன்னார்கள். கடற்படைக் கழகத்து மாணவர். படிப்பு முடிந்ததும் கட்டாயப் படைப்பணி உண்டு, 1969 வரை வர இயலாது. ஐந்தாண்டு கழித்துக் கிடைக்கப் போகும் ஒரு குவார்ட்டர்பேக்குக்காகப் பத்தாம் சுற்றுத் தெரிவைக் கொடுப்பதில் இழப்பு என்ன? அதே டிராஃப்டில் ஏழாம் சுற்றில் பாப் ஹேய்ஸ். அந்த ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றவர். இரண்டாம் சுற்றில் மெல் ரென்ஃப்ரோ. மூவரும் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். 1966 முதல் 1985 வரை இருபது பருவங்கள் தொடர்ந்து டாலஸ் தோற்றதைவிட அதிகம் வென்றது. பிறகு மற்றவர்களும் கணிப்பொறி வாங்கினார்கள். 1988இல் டாலஸ் மூன்று ஆட்டம் வென்று பதின்மூன்று தோற்றது.

இதற்கிடையில் விலையின் பக்கம் நடந்ததைப் பார்த்துவிடுவோம். 1960இல் அமெரிக்கன் கால்பந்து லீக் என்ற போட்டி அமைப்பு தோன்றியது. திடீரென்று ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டு வாங்குபவர்கள். 1965இல் ஜோ நமத் என்ற இளைஞர் 4,27,000 டாலர் ஒப்பந்தம் பெற்றார். அந்நாளில் அது கேள்விப்படாத தொகை. அடுத்த ஆண்டே இரண்டு அமைப்புகளும் இணைய முடிவு செய்தன. 1967இலிருந்து பொது டிராஃப்ட். மீண்டும் ஒரே வாங்குபவர். பெர்ட் பெல்லின் கண்டுபிடிப்பு எவ்வளவு பணத்தை முதலாளிகளுக்கு மிச்சப்படுத்தியது என்று அறிய விரும்புபவர்கள் இந்த ஆறேழு ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

1968இல் வாஷிங்டன் அணி முதல் சுற்றில் எடுத்த வீரர் யாஸூ ஸ்மித். முதல் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. டிராஃப்ட் இல்லாதிருந்தால் பல அணிகளோடு பேரம் பேசி, காயத்துக்கான காப்போடு நல்ல ஒப்பந்தம் பெற்றிருப்பேன் என்று வழக்குத் தொடுத்தார். 1976இல் நீதிபதி வில்லியம் பிரையன்ட், அந்த வடிவிலான டிராஃப்ட் வணிகப் போட்டியைத் தடுப்பது, சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார். 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சட்டவிரோதம் என்றே சொன்னது. ஆனால் நடுவில், 1977இல், வீரர்கள் சங்கம் முதலாளிகளோடு செய்த கூட்டு ஒப்பந்தத்தில் டிராஃப்டை ஏற்றுக்கொண்டுவிட்டது. தொழிற்சங்கம் இசைந்த ஏற்பாட்டில் அந்தச் சட்டம் தலையிடாது. வழக்கில் வீரன் வென்றான், முறை பிழைத்துக்கொண்டது. சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள்; டிராஃப்டுக்கு உள்ளாகப் போகிறவர்களோ இன்னும் கல்லூரியில் இருந்தார்கள். இந்தப் புள்ளிக்கு மீண்டும் வருவோம்.

1989 பிப்ரவரியில் ஜெர்ரி ஜோன்ஸ் என்ற எண்ணெய் வணிகர் டாலஸை வாங்கி, ஜிம்மி ஜான்சனைப் பயிற்சியாளராக்கினார். அணியில் மதிப்புள்ள சொத்து ஒன்றே ஒன்று: ஹெர்ஷல் வாக்கர் என்ற ஓட்டக்காரர். அக்டோபர் 12ஆம் தேதி ஜான்சன் அவரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஐந்து வீரர்களும், அவர்களில் எவரையேனும் டாலஸ் விலக்கினால் அதற்கீடாகத் தெரிவுகளும் என்பது ஒப்பந்தம். வைக்கிங்ஸ் மேலாளர் மைக் லின், டாலஸுக்கு அந்த வீரர்கள் வேண்டும் என்று நினைத்தார். வேண்டாத அணிக்கு ஆள் கிடைத்தால் வைத்துக்கொள்வார்கள் என்பது இயல்பான எண்ணம்தானே. ஜான்சனுக்கு வேண்டியிருந்தவை தெரிவுகள் மட்டுமே. வாக்கர் மினசோட்டாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் 148 கஜம் ஓடினார். அந்த வாரம் மினியாபொலிஸில் எல்லோரும் லின்னை மேதை என்றார்கள். டாலஸ் அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம் வென்றது. பிறகு தெரிவுகள் பழுக்கத் தொடங்கின. அவற்றை நேரடியாகவும், மாற்றி மாற்றி விற்றும், எம்மிட் ஸ்மித், ரஸல் மேரிலண்ட், டேரன் உட்ஸன் என்று ஓர் அணியையே கட்டினார்கள். 1993, 1994, 1996 ஆண்டுகளில் சூப்பர் பௌல் கோப்பை டாலஸுக்கு. வாக்கர் 1991 பருவத்தோடு மினசோட்டாவை விட்டுப் போயிருந்தார்.

இத்தனை தெரிவுகளை வாங்கி விற்பவர்களுக்கு ஒரு விலைப்பட்டியல் தேவைப்பட்டது. ஜோன்ஸின் பங்குதாரர் மைக் மெக்காய், பொறியாளர், 1991இல் அதைத் தயாரித்தார். முதல் தெரிவுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதற்கு 2,600, பத்தாவதற்கு 1,300, பதினாறாவதற்கு 1,000, முப்பத்திரண்டாவதற்கு 590. டாலஸில் வேலை பார்த்தவர்கள் பிற அணிகளுக்குப் போனபோது பட்டியலும் கூடப் போனது. சில ஆண்டுகளில் எல்லா அணிகளும் அதைக்கொண்டே பேரம் பேசின. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? முந்தைய சில ஆண்டுகளில் அணிகள் ஒன்றோடொன்று செய்த பரிமாற்றங்களிலிருந்து. மெக்காய் வீரர்கள் பின்னாளில் எப்படி ஆடினார்கள் என்று பார்க்கவில்லை. அது அவருடைய நோக்கமும் இல்லை. சந்தையில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்தார். முதல் தெரிவு, பதினாறாவது தெரிவைப்போல் மூன்று மடங்கு பெறும் என்றது பட்டியல். அது உண்மையிலேயே மூன்று மடங்கு நல்ல வீரனைத் தருமா என்று கேட்க எவருக்கும் தோன்றாமல் பதினான்கு ஆண்டுகள் ஓடின.

1993இல் வீரர்களுக்கு, சில ஆண்டுகள் ஆடிய பிறகு, விரும்பிய அணிக்குப் போகும் உரிமை கிடைத்தது. அதற்கு விலையாக 1994இல் ஊதிய உச்சவரம்பு வந்தது: ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய தொகை 3.46 கோடி டாலர். 2025இல் அது 27.92 கோடி. எவ்வளவு பணக்கார முதலாளியானாலும் இந்த எல்லைக்குள்தான். ஆகவே ஒருவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் இன்னொருவனிடமிருந்து எடுக்கப்படுவது. ஒரு சந்து மட்டும் இருந்தது. ஒப்பந்தம் எழுதும்போது மொத்தமாகக் கொடுக்கும் தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டுக் கணக்கில் எழுதலாம். இன்று கொடுத்துவிட்டு நாளைய கணக்கில் எழுதுவது. மளிகைக்கடைக் கடன் போன்றது.

வாஷிங்டன் அணியை 1999இல் 80 கோடி டாலருக்கு வாங்கிய டேனியல் ஸ்னைடர் இந்தச் சந்துக்குள் முழுவேகத்தில் நுழைந்தார். 2000ஆம் ஆண்டு உச்சவரம்பு 6.2 கோடி டாலர். டீயான் சாண்டர்ஸ், புரூஸ் ஸ்மித் என்று வயதேறிய பெரும்பெயர்களை வாங்கி, அந்த ஆண்டு கையிலிருந்து ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவிட்டார். எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. பருவம் முடியுமுன்பே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டில் டிராஃப்டின் பெரும் முட்டாள்தனத்தால் பயனடைந்ததும் இதே அணிதான். நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஓட்டக்காரருக்காக 1999இன் தம் எல்லாத் தெரிவுகளையும், அடுத்த ஆண்டின் இரண்டையும் சேர்த்து, வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு பத்திரிகை அட்டையில் டிட்கா மாப்பிள்ளையாகவும் வில்லியம்ஸ் மணப்பெண் உடையிலும் நின்றார்கள். அணி மூன்று ஆட்டம் வென்றது. மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று.

2005இல் கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள், மெக்காயின் பட்டியல்மீது கேட்கப்படாதிருந்த அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தேலர் 2017இல் நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் கண்டது இது: ஒரே நிலையில் ஆடும் இருவரை எடுத்துக்கொண்டால், முதலில் எடுக்கப்பட்டவன் அவனுக்கு அடுத்து எடுக்கப்பட்டவனைவிடச் சிறந்தவனாக விளங்குவது நூற்றுக்கு ஏறத்தாழ 52 முறைதான். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். ஆனால் அந்தச் சற்றுக்காக அணிகள் கொடுத்த விலையோ மலையளவு. முதல் தெரிவுக்கான ஊதியமும் அன்று மிக உயரம். வீரனின் உழைப்பால் அணிக்குக் கிடைக்கும் மதிப்பிலிருந்து அவன் ஊதியத்தைக் கழித்தால், மிச்சம் அதிகமாக நிற்பது இரண்டாம் சுற்றில்தான் என்றார்கள். பெர்ட் பெல் கடைசியில் நின்றவனுக்குக் கொடுத்த பரிசு, விலை மதித்துப் பார்த்தால், ஒரு சுமை.

ஸ்னைடரின் ஆட்கள் தேலரை அழைத்துப் பேசினார்கள், கவனமாகக் கேட்டார்கள், பிறகு அந்த ஆண்டு டிராஃப்டில் நேர்மாறாக நடந்தார்கள். தேலர் தம் நூலில் இதைச் சிரிப்போடு எழுதியிருக்கிறார். 2012இல் வாஷிங்டன், ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்குக்காக ஆறாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏற, மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தெரிவுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவையும் ராம்ஸுக்குக் கொடுத்தது. முதல் ஆண்டில் கிரிஃபின் ஒளிர்ந்தார். 2013 ஜனவரியில் சியாட்டில் அணிக்கெதிரான ஆட்டத்தில் முழங்கால் முறிந்தது. பழைய ஓட்டம் திரும்பவேயில்லை. 2014 டிசம்பர் 7ஆம் தேதி ராம்ஸ் வாஷிங்டனுக்கு ஆட வந்தபோது, நாணயம் சுண்ட ஆறு பேரைத் தலைவர்களாக அனுப்பியது. ஆறு பேரும் அந்தப் பரிமாற்றத்தால் கிடைத்தவர்கள். ராம்ஸ் 24-0 என்று வென்றது. இத்தனை குரூரமான நகைச்சுவை விளையாட்டில் அபூர்வம்.

கிரிஃபின் காலொடிந்த அந்த நாளில் எதிரணியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் ரஸல் வில்சன். அதே 2012 டிராஃப்டில் 75ஆவதாக எடுக்கப்பட்டவர். குவார்ட்டர்பேக்குக்குரிய உயரம் இல்லை என்று மற்றவர்கள் ஒதுக்கியவர். அவர் கதையைச் சொல்வதற்கு முன் 2011ஐச் சொல்ல வேண்டும். 2010இல் முதல் தெரிவான சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உறுதி. 2011இல் முதல் தெரிவான கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு 2.2 கோடி. நடுவில் நிகழ்ந்தது புதிய கூட்டு ஒப்பந்தம். புதியவர்களின் ஊதியம் இடவரிசைப்படி ஏறத்தாழ நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. மூன்று பருவங்கள் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்தவும் முடியாது. முதலாளிகளும் மூத்த வீரர்களும் மேசையின் இருபுறமும் அமர்ந்து, அங்கே இல்லாதவர்களின் ஊதியத்தைக் குறைத்தார்கள். புதியவர்களுக்குச் சென்றது மூத்தவர்களுக்கு வரும் என்று சங்கம் நினைத்தது. நடந்தது வேறு. நல்ல இளைஞன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது நடுத்தர மூத்தவனை வைத்துக்கொள்வானேன் என்று அணிகள் கணக்குப் போட்டன.

சியாட்டில் அந்தக் கணக்கின் உச்சம். 2013 பருவத்தில் அணியின் கணக்கில் வில்சனுக்கு எழுதப்பட்டது ஏழு லட்சம் டாலருக்கும் குறைவு. அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் எதிரே நின்ற டென்வரின் பெய்டன் மேனிங்குக்கு 1.75 கோடி. மிச்சப்பட்ட பணத்தில் சியாட்டில் தடுப்பாட்டத்துக்கு ஆட்களை நிரப்பியது; அங்கேயும் ரிச்சர்ட் ஷெர்மன், கேம் சான்சலர் இருவரும் ஐந்தாம் சுற்றுக்காரர்கள். 43-8. பயிற்சி மேதைமை, ஆள் தேடும் கூர்மை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எழுதியது தவறில்லை. ஆனால் அந்த வெற்றியின் அடித்தளம், தன் உழைப்பின் சந்தை விலையில் இருபதில் ஒரு பங்குகூடப் பெறாத ஓர் இருபத்தைந்து வயது இளைஞர். 2015இல் அவர் உரிய விலையைப் பெற்றார். அந்த அணி அவர் காலத்தில் மீண்டும் கோப்பை வாங்கவில்லை.

2022இல் டென்வர், இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவுகளோடு மூன்று வீரர்களையும் கொடுத்து அவரை வாங்கி, ஆடத் தொடங்குமுன்பே 24.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பும் எழுதிக்கொடுத்தது. இரண்டே பருவம். 2024 மார்ச்சில் விலக்கினார்கள். ஆடாத மனிதருக்காக டென்வர் கணக்கில் எழுதவேண்டி வந்தது 8.5 கோடி டாலர். இதைச் செத்த பணம் என்பார்கள். இத்தனை பிணச்சுமையோடு அந்த அணி எப்படி எழும் என்று எல்லோரும் கேட்டார்கள். டென்வர் அந்த ஆண்டு டிராஃப்டில் பன்னிரண்டாவதாக போ நிக்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்து, நிர்ணயித்த மலிவு ஊதியத்தில் ஆடவிட்டு, பத்து ஆட்டம் வென்று அடுத்த கட்டத்துக்குப் போனது. ஒருவருக்குக் கொடுத்த அளவு மீறிய விலையை இன்னொருவர் கொடுக்காத விலையால் ஈடுகட்டினார்கள்.

மலிவு இளைஞன் ஒருவனே போதும் என்று முடிவு கட்டுவதும் தவறு. கன்சாஸ் சிட்டி 2017இல் டிட்கா செய்ததைப் போலவே, அளவு குறைவாகத்தான், வருங்காலத் தெரிவைக் கொடுத்து மேலேறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. எடுத்தவர் மஹோம்ஸ் என்பதால் அது மேதைமை ஆயிற்று. 2020இல் அவருக்குப் பெரும் ஒப்பந்தம் கொடுத்த பிறகும் 2023, 2024 ஆண்டுகளில் கோப்பை வென்றார்கள். அதற்குமுன் டைரீக் ஹில் என்ற விலையுயர்ந்த வீரரை மயாமிக்குக் கொடுத்து ஐந்து தெரிவுகள் வாங்கியிருந்தார்கள். டாலஸில் வாக்கருக்கு நடந்ததுதான், முப்பத்துமூன்று ஆண்டு கழித்து.

பெர்ட் பெல் 1959 அக்டோபரில், பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் மைதானத்தில், ஈகிள்ஸ் பிட்ஸ்பர்கோடு ஆடிக்கொண்டிருந்தபோது பார்வையாளர் வரிசையில் மாரடைப்பால் இறந்தார். இரண்டுமே அவர் ஒரு காலத்தில் பங்குகொண்டிருந்த அணிகள். முதல் டிராஃப்டில் எடுத்த ஒன்பது பேரில் ஒருவரையும் பெற முடியாத அவருடைய ஈகிள்ஸ், 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்று சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆட்டத்தில் மஹோம்ஸ் எறிந்த பந்தை இடைமறித்து ஓடிப் புள்ளி சேர்த்த கூப்பர் டிஜீன், இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட முதலாண்டு வீரர். அன்று அவருக்கு 22ஆவது பிறந்தநாள். குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸும் இரண்டாம் சுற்றுக்காரர்தான். ஆனால் அவர் மலிவானவர் அல்லர். 2023இல் அவருக்கு எழுதப்பட்டது 25.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் பெரும்பகுதியை அணி வரும் ஆண்டுகளின் கணக்குக்குத் தள்ளி வைத்திருக்கிறது. மளிகைக்கடைக்காரரின் சீட்டு இன்னும் வந்து சேரவில்லை.